தாத்தாவோட ஹெரால்டு: துருவைத் தொடறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைத் தொடுங்க

வழக்கமா நாம எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு விஷயம் துரு, பட்டி, டிங்கரிங். தலைப்பு மாறினாலும் பேசப் போறது பணத்தைப் பத்தி மட்டும் தான்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். நீங்க சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கீங்க. சொந்த ஊர் செஞ்சி. வீட்டுக்குப் பின்னாடி கொட்டகையில் தாத்தா ஓட்டின ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருஷமா நிக்குது. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துட்டு, "கிலோ முப்பது ரூபா போட்டுத் தர்றேன்"னு சொல்றார். அந்தக் கார் சுமார் 800 கிலோ. அதாவது ரூ.24,000. வீட்டில் அம்மா, "இடமாவது மிச்சமாகும், குடுத்துடு"ன்னு சொல்றாங்க. உங்களுக்கு மனசு வரலை. ராத்திரி உட்கார்ந்து ரெஸ்டோரேஷன் வீடியோ நாலு பார்த்ததும், மூணு லட்சம் பர்சனல் லோன் போட்டுடலாம்னு தோணுது.

ரெண்டுமே அவசர முடிவு. முதல் முடிவில் திரும்பக் கிடைக்காத ஒரு பொருள் போயிடும். ரெண்டாவதில் மூணு வருஷ சம்பளத்தில் ஒரு துண்டு போயிடும். ரெண்டுக்கும் நடுவில் மெதுவான வழி ஒண்ணு இருக்கு. காரோட பாடி வேலையில் பெரும் பகுதியை வீட்டிலேயே, சனி ஞாயிறுகளில், கடன் இல்லாம செய்யறது. அதை எந்த வரிசையில் செய்யணும்ங்கறது தான் இந்தப் பதிவு.

ஏன் ஹெரால்டு?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர்க் கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961-லிருந்து செஞ்சது. மூலம் இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலாட்டி. நாலு கதவு ஹெரால்டு நம்ம நாட்டில் வந்த மாடல்; இங்கிலாந்தில் அது ரெண்டு கதவோட தான் இருந்தது.

வீட்டு வேலைக்கு இந்தக் கார் தோதுன்னு சொல்றதுக்குக் காரணம் அதோட கட்டமைப்பு. அந்தக் காலத்திலேயே மத்த கார்கள் ஒரே கூடா வெல்டிங் பண்ணின பாடிக்கு மாறிக்கிட்டு இருந்தப்போ, ஹெரால்டு தனி சேஸிஸ் மேல, துண்டு துண்டான பாடியை போல்ட் போட்டு இணைச்ச கார். டிரையம்புக்கு பாடி செஞ்சு தந்த நிறுவனம் போட்டிக் கம்பெனி கைக்குப் போயிட்டதால, முழு பாடியையும் ஒரே இடத்தில் செஞ்சு தர ஆள் கிடைக்காம எடுத்த முடிவு அது. அந்த முடிவு இன்னைக்கு உங்களுக்கு உதவுது. முன்பக்க பானெட்டும் ரெண்டு மட்கார்டும் ஒரே துண்டா முன்னாடி சாயும். போல்ட்டைக் கழட்டி ஒவ்வொரு பகுதியா கீழே வெச்சு வேலை பார்க்கலாம்.

உங்க வீட்டில் நிக்கறது அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோன்னா ஒரு எச்சரிக்கை. அதுல தனி சேஸிஸ் கிடையாது; பாடியே தான் காரைத் தாங்குது. கதவுக்குக் கீழே நீளமா ஓடற சில் பகுதி துரு பிடிச்சிருந்தா, அதை வீட்டில் வெட்டக் கூடாது. தாங்கு கொடுக்காம வெட்டினா பாடியே தொய்ஞ்சு, அப்புறம் கதவு மூடாது. அது அனுபவமுள்ள பட்டறையோட வேலை. மேல் பூச்சு, கதவு, டிக்கி மூடி மாதிரி வேலைகளை மட்டும் நீங்க எடுத்துக்குங்க.

முதல் செலவு பேப்பருக்கு

உப்புத்தாள் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?

தாத்தா பேர்ல இருக்கு, அவர் காலமாகிட்டார்னா, அந்தக் கார் உங்களோடது இல்லை. உங்க அப்பாவோடது மட்டும்னும் சொல்ல முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆண் உயில் எழுதாம இறந்தா, அவரோட மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். அதாவது பாட்டிக்கு, அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, கல்யாணமாகிப் போன அத்தைக்கு, எல்லாருக்கும் சம பங்கு. அப்பா உயிரோட இருக்கும்போது பேரன் பேத்திக்கு நேரடிப் பங்கு கிடையாது. (மத்த மதத்தவங்களுக்கு அவங்கவங்க வாரிசுச் சட்டம்.)

இதை யோசிச்சுப் பாருங்க. ரூ.24,000 மதிப்புள்ள இரும்பா இருந்தப்போ யாரும் கேட்க மாட்டாங்க. நீங்க ஒன்றரை லட்சம் போட்டு, வண்டி பளபளன்னு நிக்கும்போது, "எங்க அப்பா காராச்சே"ன்னு அத்தை கேட்டா அதுல தப்பே இல்லை. சட்டம் அவங்க பக்கம். நீங்க போட்ட பணத்துக்குத் தான் பேப்பர் இல்லை.

அதனால செய்ய வேண்டியது இது:

1. வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மூலமா விண்ணப்பிச்சா தாசில்தார் தருவார்.

2. மத்த வாரிசுகள் எல்லார்கிட்டயும், ஒருத்தர் பேருக்கு மாத்த ஆட்சேபனை இல்லைன்னு எழுத்துப்பூர்வமா வாங்கறது. ஃபோன்ல "சரிப்பா, எடுத்துக்கோ"ன்னு சொன்னது போதாது. நேர்ல போங்க, பழம் வாங்கிட்டுப் போங்க, கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க.

3. ஃபார்ம் 31. உரிமையாளர் இறந்த பிறகு பெயர் மாத்தறதுக்கான விண்ணப்பம் இது தான். இறந்ததை 30 நாளுக்குள்ள தெரிவிச்சு, 3 மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும்னு விதி. வருஷங்கள் ஓடியிருந்தா தாமதத்துக்கான கட்டணத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. ஆனா இது தான் முதல் வேலை.

4. பதிவைப் புதுப்பித்தல். 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்துக்கு அப்புறம், 20 வருஷம் தாண்டின காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.10,000, ஜி.எஸ்.டி. தனி. இது வண்டி ஓடற நிலைக்கு வந்து, தகுதிச் சோதனைக்குக் கொண்டு போகும்போது கட்டறது. ஆனா பட்ஜெட்டில் இப்பவே எழுதி வெச்சுடுங்க.

பேப்பர் சரியாகாதுன்னு தெரிஞ்சா, அங்கேயே நிறுத்திக்குங்க. இந்த நிலையில் உங்களுக்கு ஆன செலவு சில ஆயிரம் தான்.

ரெண்டாவது: ஒரு நாள் பரிசோதனை

பழைய கார்ல பணம் முங்கற இடம், கண்ணுக்குத் தெரியாத துரு. வெளியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம் இருந்தா உள்ளே உள்ளங்கை அளவு இரும்பு போயிருக்கும். அதனால, பட்ஜெட் போடறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமையை இதுக்கே ஒதுக்குங்க. தேவையான கருவி: சின்ன காந்தம், ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஒரு நோட்டு.

காந்தத்தை மெல்லிய துணியில் சுத்தி பாடி மேல நகர்த்துங்க. பிடிக்காத இடத்தில் இரும்பு மேல தடிமனா பட்டி இருக்குன்னு அர்த்தம். பழைய அடியை யாரோ பட்டி போட்டு மறைச்சிருக்காங்க. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டுங்க. நல்ல தகடு கணீர்னு சொல்லும், துரு தின்ன தகடு மொத்துன்னு சொல்லும். பார்க்க வேண்டிய இடங்கள்: கதவோட அடி விளிம்பு, சில், சக்கர வளைவு, மிதியடிக்குக் கீழே இருக்கற தரைத் தகடு, டிக்கியோட தரை, பேட்டரி வைக்கற தட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே. ஹெரால்டுல கூடுதலா, சேஸிஸ்லேருந்து பக்கவாட்டில் நீட்டிக்கிட்டு இருக்கற கைகள். பாடியைத் தாங்கறது அது தான். அதுல துரு பிடிச்சிருந்தா பெயின்ட்டைப் பத்திப் பேசறதே வீண்.

ஒவ்வொரு பகுதியையும் நோட்டில் மூணு வகையா குறிங்க: "மேல் துரு மட்டும்", "ஓட்டை விழுந்திருக்கு", "தாங்கற இடத்தில் துரு". முதல் வகை உங்க வேலை. ரெண்டாவது, நீங்க சுத்தம் பண்ணிக் கொடுத்து வெல்டர் ஒட்டற வேலை. மூணாவது முழுசா பட்டறை வேலை. மூணாவது வகை நாலஞ்சு இடத்தில் இருந்தா, பட்டறையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்காம ஒரு ரூபாய் கூட போடாதீங்க.

மூணாவது: பட்ஜெட்

கீழே இருக்கறது விலைப் பட்டியல் இல்லை. கணக்கு எப்படி எழுதணும்ங்கறதுக்கு உதாரணம். தொகைகளை உங்க ஊர்ல விசாரிச்சு மாத்திக்குங்க.

பேப்பர், கட்டணங்கள்: ரூ.15,000
கருவிகள், பாதுகாப்புப் பொருட்கள்: ரூ.18,000
ரஸ்ட் கன்வர்ட்டர், பிரைமர், பட்டி, உப்புத்தாள்: ரூ.22,000
டிங்கர், வெல்டர் கூலி: ரூ.30,000
பட்டறையில் பெயின்ட்: ரூ.40,000
கூட்டுத்தொகை: ரூ.1,25,000
எதிர்பாராத செலவுக்கு 30%: ரூ.37,500
மொத்தம்: ரூ.1,62,500

அந்த 30% அலங்காரத்துக்கு இல்லை. பெயின்ட்டைச் சுரண்டினதும் புதுசா ஓட்டை வரும். அப்போ கை போக வேண்டியது இந்தத் தொகைக்குத் தான், கிரெடிட் கார்டுக்கு இல்லை.

இதை எப்படித் திரட்டறது? மாசம் ரூ.6,500 ஒதுக்கினா சரியா 25 மாசம். ரெண்டு வருஷமான்னு மலைக்காதீங்க. சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வந்து செய்யற வேலைக்கு எப்படியும் அவ்வளவு காலம் ஆகும். பணமும் வேலையும் ஒரே வேகத்தில் போகட்டும்.

பர்சனல் லோன் போட்டா என்ன ஆகும்? மூணு லட்சம், 14% வட்டி, 36 மாசம்: இ.எம்.ஐ. சுமார் ரூ.10,250. மொத்த வட்டி சுமார் ரூ.69,000. நம்ம உதாரண பட்ஜெட்டில் டிங்கர் கூலி, பொருட்கள் ரெண்டையும் சேர்த்தாலும் ரூ.52,000 தான். அந்த ரெண்டுக்கும் ஆகற பணத்தை விட அதிகமா வட்டிக்கே போகும். கையில் கொத்தா பணம் இருந்தா வேற ஒண்ணும் நடக்கும்: முழு காரையும் ஒரே நாளில் பிரிச்சுப் போட்டுடுவோம். பிரிச்சுப் போட்டு நிக்கற கார்கள் தான் கடைசியில் இரும்புக் கடைக்குப் போகுது.

இன்னொரு கணக்கு. "நானே செஞ்சா எவ்வளவு மிச்சம்?" பட்டறைக்காரர் பெயின்ட் சுரண்டி, தேய்ச்சு, பிரைமர் வரைக்கும் கொண்டு வர ரூ.40,000 கூடுதலா கேட்கறார்னு வெச்சுக்குவோம். அதையே நீங்க செஞ்சா 160 மணி நேரம். ஆக, மணிக்கு ரூ.250 மிச்சம் பிடிக்கறீங்க. உங்க கைக்கு வர்ற சம்பளம் ரூ.45,000, மாசம் 200 மணி நேரம் வேலைன்னா, ஆபீஸ்ல உங்க மணிக்கு ரூ.225. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு தான். அப்போ, பணம் மிச்சம்ங்கறதுக்காக மட்டும் இதை எடுக்காதீங்க. கையால செய்யறது பிடிச்சிருந்தா எடுங்க. பிடிக்கலைன்னா அந்தச் சனிக்கிழமைகளை ஒரு சர்டிஃபிகேட் கோர்ஸுக்குக் கொடுத்தா அதை விட நல்ல வரவு.

ஆறு மாச செலவுக்கு அவசர நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஓடிக்கிட்டு இருக்கற எஸ்.ஐ.பி. இதுல எதையும் நிறுத்தி இந்த ரூ.6,500 வரக் கூடாது. இந்தக் கார் முதலீடு இல்லை, மனசுக்குப் பிடிச்ச செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டா அளவு தானா வரும்.

நாலாவது: ஒரு பேனல் முடிச்சு, அடுத்த பேனல்

வேலையில் ஒரே ஒரு விதி வெச்சுக்குங்க. எந்த நாள் பணம் தீர்ந்தாலும், காரில் வெறும் இரும்பு வெளியில் தெரியக் கூடாது. ஒரு கதவைச் சுரண்டினா அந்தக் கதவை எபாக்ஸி பிரைமர் வரைக்கும் முடிச்சுட்டுத் தான் அடுத்த கதவைத் தொடணும். ஹெரால்டு மாதிரி கழட்டி மாட்டற பாடிக்கு இது சுலபம்.

முதல்ல வண்டி நிக்கற இடம். மண் தரையில் நின்னா ஈரம் கீழேருந்து ஏறிக்கிட்டே இருக்கும். சிமென்ட் தரைக்கு மாத்துங்க. தார்ப்பாயை பாடி மேல ஒட்டிப் போர்த்தாதீங்க. உள்ளே ஈரம் தங்கி, நீங்க ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறு பக்கம் துரு வரும். கதவு அடியில் தண்ணி வடியற சின்ன ஓட்டைகள் அடைச்சிருக்கும்; குச்சி விட்டுக் குத்திவிடுங்க. கதவு துருப்பிடிக்க முக்கியக் காரணமே அது தான்.

அப்புறம் சுரண்டல். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால தண்ணி தெளிச்சு வாட்டர் பேப்பரால தேயுங்க, தூசி பறக்க விடாதீங்க, துணிக்குப் பதிலா முறையான மாஸ்க் போடுங்க, குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

ஒடுக்கு எடுக்கறது: பின்னாடி டாலியைப் பிடிச்சு முன்னாடி சுத்தியலால மெதுவா தட்டணும். ஒரே இடத்தில் ஓங்கி அடிச்சா தகடு நீண்டு உப்பிடும். அதை இறக்கறது பெரிய வேலை. உங்க ஊர் டிங்கர் அண்ணனுக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, பக்கத்தில் நின்னு பார்த்துக் கத்துக்குங்க. இந்தத் திட்டத்திலேயே லாபமான செலவு அந்த ஒரு நாள் கூலி தான்.

துரு: கம்பி பிரஷ்ஷால உதிர்ற வரைக்கும் தேய்ச்சு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் போடுங்க. டப்பாவில் போட்டிருக்கற முறைப்படி கழுவி, முழுசா காய வெச்சு, எபாக்ஸி பிரைமர். அதுக்கு மேல தான் பட்டி. பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெறும் இரும்பு மேல நேரா போட்டா அடியில் துரு ஓடும். பட்டியோட தடிமன் 3 மி.மீ. தாண்ட வேண்டி வந்தா, ஒடுக்கு இன்னும் சரியா எடுக்கலைன்னு அர்த்தம். ஓட்டையைப் பட்டியால அடைக்கறது அடுத்த மழை வரைக்கும் தான் நிக்கும். 80, 120, 180-ன்னு உப்புத்தாள் நம்பர் ஏறிக்கிட்டே போகணும். பிரைமர் சர்ஃபேஸருக்கு மேல 400, 600.

வெல்டிங் வேலைக்கு முன்னாடி பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டுங்க, பெட்ரோல் டேங்கை வண்டியிலேருந்து இறக்கித் தள்ளி வைங்க. காலி டேங்க் தானேன்னு விடாதீங்க; பெட்ரோல் ஆவி நிறைஞ்ச காலி டேங்க் தான் அதிக ஆபத்து.

கடைசிப் பெயின்ட்டை வீட்டில் அடிக்காதீங்க. இப்போ பட்டறைகளில் பயன்படுத்தற டூ-கே பி.யு. பெயின்ட்டில் கலக்கற ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. நுரையீரலைக் கெடுத்து, ஆஸ்துமாவைக் கொண்டு வரும் ரசாயனம் அது. சாதாரண மாஸ்க் அதுக்குப் போதாது. வெளிக்காத்தைக் குழாயில் கொண்டு வர்ற மாஸ்க் வேணும். ரூ.40,000 மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டாம்.

காலமும் முக்கியம். நம்ம பக்கம் அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. இரும்பைத் திறக்கற வேலையெல்லாம் ஜனவரிக்கு அப்புறம் வெச்சுக்குங்க. சாதாரண பிரைமர் சர்ஃபேஸர் ஈரத்தை உள்ளே விடும். அந்த நிலையில் வண்டியை மழைக்காலம் முழுக்க நிறுத்தினா மறு வருஷம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். செப்டம்பர் முடியறதுக்குள்ள பெயின்ட்டுக்குப் பணம் சேராதுன்னு தெரிஞ்சா, எபாக்ஸியோட நிறுத்தி வெயிலும் மழையும் படாம வைங்க.

எதைத் தொடக் கூடாது

2025 ஜூலையில் நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்ங்கற பேர்ல. மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒண்ணு தான். கல்யாண மகாலைப் புதுசு மாதிரி டைல்ஸ் ஒட்டி வெச்சிருந்தா இந்தப் பட்டியலில் இடம் கிடைச்சிருக்குமா? பழையதைப் பழையதா காப்பாத்தறதுக்குத் தான் மதிப்பு. காருக்கும் அதே தான் சட்டம்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்குன்னு தனிப் பகுதி சேர்த்தாங்க. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின, மூல வடிவத்தில் இருக்கற வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். சேஸிஸ், பாடி ஷெல், எஞ்சின் இதுல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவு ரூ.5,000. புதுப் பதிவுக்கு "வி.ஏ." எழுத்து வர்ற நம்பர், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். அந்தப் பழைய நம்பருக்கே ஒரு அழகு உண்டு, இழந்துடாதீங்க.

இதிலேருந்து பாடி வேலைக்கு மூணு கட்டளை. ஒண்ணு, சக்கர வளைவை அகலப்படுத்தறது, கூரையை வெட்டறது மாதிரி ஆசைகள் வேண்டாம். ரெண்டு, சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இருக்கற இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. முதல்ல ஃபோட்டோ எடுத்து, டேப் ஒட்டி மறைச்சுடுங்க. நம்பர் அழிஞ்சா காருக்குச் சட்டப்படி அடையாளமே இல்லை. மூணு, நிறத்தை மாத்தினா ஆர்.சி.யிலும் மாத்தணும், மூல நிறத்துக்கே போறது சுலபமும் கூட.

கோட்டைக்குப் பக்கத்தில் வீடு இருக்கறவங்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு மேல 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. காருக்காகப் புது ஷெட் கட்டற யோசனை இருந்தா, கல் இறக்கறதுக்கு முன்னாடி அனுமதியைப் பத்தி விசாரிங்க.

கடைசியா வரி: ஓட்டினீங்களா இல்லையா?

கார் முடிஞ்சு, சில வருஷம் கழிச்சு வித்துட்டீங்க. லாபத்துக்கு வரி உண்டா?

நாம சொந்தமா பயன்படுத்தற அசையும் பொருட்கள் மூலதனச் சொத்து இல்லைன்னு 1961-ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 2(14) சொல்லுது. புதுச் சட்டத்திலும் இந்த விலக்கு தொடருது. அதனால சாதாரணமா ஓட்டின காரை வித்தா லாபத்துக்கு வரி இல்லை, நஷ்டத்தையும் கழிக்க முடியாது.

ஆனா 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பைத் தெரிஞ்சுக்கணும். ஒருத்தர் 1983-ல் ரூ.20,000-க்கு 1931 மாடல் ஃபோர்டு டூரர் வாங்கி, பின்னாடி ரூ.21 லட்சத்துக்கு வித்தார். சொந்தப் பயன்பாட்டுப் பொருள், வரி இல்லைன்னு வாதம். அவரும் நம்மள மாதிரி சம்பளக்காரர். போக வர கம்பெனி கார். வின்டேஜ் காரைச் சொந்தமா ஓட்டினதுக்கு ஆதாரம் இல்லை, பராமரிப்புச் செலவுக்கும் கணக்கு இல்லை. பயன்படுத்த முடியும்ங்கறது மட்டும் போதாது, உண்மையிலேயே பயன்படுத்தியிருக்கணும்னு சொல்லி நீதிமன்றம் வரி சரின்னு தீர்ப்பளிச்சது.

இப்போ சிக்கலைப் பாருங்க. வின்டேஜ் பதிவு வாங்கினா அந்தக் காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்புக்கு மட்டும் தான். வரித்துறையோ "சொந்தமா ஓட்டினீங்களா?"ன்னு கேட்குது. அதனால, குடும்பத்தோட அப்பப்போ ஓட்டணும்னு ஆசைன்னா வழக்கமான பதிவைப் புதுப்பிச்சு வைங்க. பேரணிக்கும் பெருமைக்கும் தான்னா வின்டேஜ் பதிவு. ஆனா விற்கும்போது வரி வரலாம்ங்கற எண்ணத்தோட இருங்க.

வரி வந்தா பில்லுக்கு என்ன மதிப்பு? ரூ.4,00,000-க்கு வித்தீங்க, 2001 ஏப்ரல் 1 நிலவரப்படி மதிப்பு ரூ.20,000-ன்னு வெச்சுக்குவோம். பில் எதுவும் இல்லைன்னா லாபம் ரூ.3,80,000, 12.5% நீண்டகால மூலதன ஆதாய வரி ரூ.47,500. பொருள், கூலி, பெயின்ட் மூணுக்கும் சேர்த்து ரூ.92,000-க்கு ஆதாரம் இருந்து, அதை மேம்பாட்டுச் செலவா ஏத்துக்கிட்டா லாபம் ரூ.2,88,000, வரி ரூ.36,000. செஸ் தனி. வித்தியாசம் ரூ.11,500. வெறும் ரிப்பேர் தானேன்னு அதிகாரி மறுக்கவும் கூடும். அதுக்குத் தான் வேலைக்கு முன்னாடி, நடுவில், முடிவில் ஃபோட்டோ வேணும். உங்க சொந்த உழைப்புக்கு மதிப்பு போட்டுக் கழிக்க முடியாது. டிங்கர் அண்ணன் ஜி.எஸ்.டி. பில் தர மாட்டார். வவுச்சர் எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டு யு.பி.ஐ.ல பணம் போடுங்க. விற்கும்போதும் ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க. வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஆர்.சி.யைத் தேடி எடுங்க. யார் பேர், எந்த வருஷம் முதல் பதிவுன்னு பாருங்க. வாரிசுகள் யார் யார்னு ஒரு காகிதத்தில் எழுதுங்க. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஃபோன் போடுங்க. காந்தமும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு ஒரு நாள் காரைச் சுத்தி வாங்க. கூகுள் ஷீட்ல நாலு தலைப்பு: தேதி, வேலை, தொகை, ஆதாரம்.

இதுக்கெல்லாம் சேர்த்து ஆகற செலவு, செஞ்சிக்கு பஸ் டிக்கெட். இதைச் செஞ்ச பிறகும் ஆர்வம் குறையலைன்னா அடுத்த மாசச் சம்பளத்தில் ரூ.6,500 தனி அக்கவுன்ட்டுக்குப் போகட்டும். குறைஞ்சிடுச்சுன்னா அதுவும் நல்லது தான். ஆனா இரும்புக் கடைக்கு அனுப்பாதீங்க. பேப்பர் சரியா இருக்கற ஹெரால்டை அப்படியே வாங்கிக்க ஆர்வலர்கள் இருக்காங்க. அப்போ பேரம் கிலோ கணக்கில் இருக்காது.